தங்க எருவுக்கு ஒரு விண்ணப்பம்

மகாராஜராஜஸ்ரீ பெங்களூர் மாநகரம் அவர்களின் சமூகத்துக்கு, கோலார் தங்கவயல் ஸ்கெலட்டன் குடியிருப்பு வாசிகளாகிய நாங்கள் மிகவும் தாழ்மையுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம் என்னவென்றால்:

2018 ஜூன் மாதம் முதல் எங்கள் மாவட்டத்துக்குத் தாங்கள் அனுப்பிவரும் சாக்கடைத் தண்ணீர் வந்து சேர்ந்தது. கோரமங்களா, செல்லகட்டா பள்ளத்தாக்கில் சேரும் தங்கள் கழிவை இரண்டு கட்டமாகச் சுத்தம் செய்து, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்று திட்டம் வகுத்து, ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கொட்டிக் குழாய் போட்டு, கோலாரின் நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளை நிரப்பக் கிளம்பினீர்கள். குடிதண்ணீர் கேட்டு வருஷக்கணக்காக ஊர்வலம் போன மாவட்டம் இது. கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. ஆனாலும் வந்ததே என்று வாங்கிக்கொண்டோம்.

அடுத்த மாதமே லட்சுமிசாகர ஏரியில் வெள்ளை வெளேரென்று நுரை பூத்தது. அதுவரை நுரை பார்க்க வேண்டுமானால் பெல்லந்தூருக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். தாங்கள் அதையும் வீட்டு வாசலுக்கே அனுப்பிவைத்தீர்கள். பெல்லந்தூர் ஏரிபோல இதுவும் தீப்பிடித்து எரியும், பட்டாளத்துக்காரர்கள் அணைக்க வருவார்கள் என்று எங்கள் சிறுவர்கள் ஆசையோடு காத்திருந்தார்கள். அந்த மரியாதை மட்டும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஜூலையில் உயர் நீதிமன்றம் நிறுத்து என்றது. பிறகு விடு என்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நிறுத்து என்றது. பிறகு அந்தத் தடையும் விலகியது. வழக்கு நடந்த வேகத்தைப் பார்த்தால் தண்ணீர் பரவாயில்லை, சீக்கிரம் வந்துவிடுகிறது.

குறை சொல்ல எழுதவில்லை. போர்வெல்லில் நீர் ஏறியது உண்மை. ஆயிரத்தைந்நூறு அடி தோண்டியும் புழுதி கக்கிய குழாய்கள் இருந்த இடத்தில் தக்காளி காய்க்கிறது. இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகும். ஒரே ஒரு சந்தேகம்தான். எலகங்காவில் மூன்றாம் கட்டமும் சுத்தம் செய்து விமான நிலையத்துக்குத் தண்ணீர் அனுப்பத் தெரிந்த தங்களுக்கு, எங்களுக்கு வருவதில் அந்த மூன்றாம் கட்டம் மட்டும் ஏன் மறந்துபோயிற்று? ஏரோப்ளேன் நிற்கிற இடத்துக்கு மூன்று கட்டம். குடிக்கிற கிணற்றுக்கு ஊறிப்போகிற ஏரிக்கு இரண்டு கட்டம். ஒருவேளை ஏரோப்ளேனுக்கு வயிறு கெட்டுவிடுமோ என்னவோ.

அது கிடக்கட்டும். விண்ணப்பம் வேறு விஷயமாக.

தாங்கள் அனுப்புவது தண்ணீரை மட்டும். தெளிந்த பாகம் எங்களுக்கு வந்துவிட்டது; அடியில் தங்கிய பாகம்? தொட்டியில் படிகிற கசடு, செரிமானத் தொட்டியில் புளித்து, மெத்தையில் காய்ந்து, கறுப்பாகக் கட்டிகட்டியாக வருகிறதே, அதுதான் சாரம் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் இருக்கிறது. அதைக் காசாக்கலாம், உரமாக்கலாம், சுழற்சிப் பொருளாதாரம் என்று கருத்தரங்கில் படம் போட்டுக் காட்டலாம். தேவனஹள்ளியில் 2015-லேயே செப்டிக் டேங்க் கசடுக்கென்று தனி ஆலை வைத்து எரு ஆக்கிக் காட்டியாயிற்று. சாற்றை எங்களுக்குக் கொடுத்துவிட்டுச் சக்கையைத் தாங்கள் வைத்துக்கொள்வது நியாயமா? இத்தனைக்கும் அதில் எங்கள் பங்கும் இருக்கிறது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடிய பிறகு, எங்கள் பிள்ளைகள் விடியற்காலை இருட்டில் மாரிக்குப்பம் ரயிலேறித் தங்கள் ஊருக்குத்தான் வேலைக்கு வருகிறார்கள். தங்கள் அபார்ட்மெண்டைப் பெருக்குகிறார்கள், கேட்டில் நிற்கிறார்கள், கம்ப்யூட்டர் கம்பெனிக் கக்கூஸைக் கழுவுகிறார்கள், இரவு ரயிலில் திரும்புகிறார்கள். பகலெல்லாம் அங்கே கழித்தது குழாய் வழியாகப் பின்னாலேயே ஊர் வந்து சேர்கிறது. பாதிதான் வருகிறது என்பதே எங்கள் வருத்தம்.

இந்த வேலைக்கு எங்களுக்குத் தகுதி உண்டா என்று தாங்கள் கேட்கலாம். உண்டு. எங்களைவிட அனுபவம் உள்ளவர்கள் இந்தத் தேசத்தில் குறைவு.

முதலாவது, எதைக் கொட்டினாலும் தாங்குகிற ஊர் இது. ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் வந்ததிலிருந்து 120 வருஷத்தில் சுமார் 800 டன் தங்கம் வெளியே போனது. உள்ளே நின்றது சயனைடு மண். சுமார் 3.3 கோடி டன், 13 மலைகள். காற்றடித்தால் சோற்றுத் தட்டில் உப்புப் போட வேண்டியதில்லை. 2012 நவம்பரில் கூடங்குளத்து அணுக்கழிவுக்கு ஆழமான இடம் வேண்டும் என்று பேச்சு வந்தபோது டெல்லியில் யாரோ வரைபடத்தைப் பிரித்தார்கள். எங்கள் பேர் அடிபட்டது. ஊரே தெருவுக்கு வந்த பிறகு, அப்படியொரு எண்ணமே இல்லை என்று மந்திரி சொன்னார். 2024-இல் அந்த 13 மலைகளிலும் மிச்சம் மீதி தங்கத்தைச் சலித்தெடுக்க மாநில அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தூசி எங்கள் நுரையீரலுக்கு, தூளில் ஒளிந்த தங்கம் ஏலத்துக்கு. பங்குபிரிக்கத் தெரிந்தவர்கள்.

இரண்டாவது தகுதிதான் முக்கியம். தாங்கள் இன்று கருத்தரங்கில் கண்டுபிடித்திருக்கும் இந்தச் செல்வத்தை, எங்கள் ஊர் ஆட்கள் நூறு வருஷம் தலையில் சுமந்திருக்கிறார்கள்.

1902-இல் சிவனசமுத்திரத்து அருவியிலிருந்து 92 மைல் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். ஆசியாவே வாய்பிளந்த காரியம் அது. பேத்தமங்களத்திலிருந்து பாலாற்றுத் தண்ணீரும் குழாயில் வந்தது. சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கினார்கள். பாறை கொதிக்கிறது என்று அங்கே குளிர்காற்று ஊதினார்கள். 1965-இல் பூமிக்கடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவி வைத்து, எதிலும் மோதாமல் எல்லாவற்றையும் ஊடுருவிப் போகிற நியூட்ரினோவையே பிடித்துக் காட்டினார்கள் விஞ்ஞானிகள். உலகம் கைதட்டியது. அதே ஊரில், தரைக்கு மேலே, பட்டப்பகலில், எடுப்புக் கக்கூஸில் கையால் மலம் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் மட்டும் எந்தக் கருவியிலும் பதிவாகவில்லை.

92 மைல் தாண்டி மின்சாரம் வந்தது. பத்தடி தள்ளிக் கக்கூஸுக்குத் தண்ணீர் வர இன்னொரு தொண்ணூறு வருஷம் ஆயிற்று. அதுவும் தானாக வரவில்லை. அந்த வேலை செய்த குடும்பமொன்றில் 1966-இல் இதே ஊரில் பிறந்த பெஜவாடா வில்சன் 1986-இலிருந்து கடிதம் எழுதினார். டவுன்ஷிப் அதிகாரிகளுக்கு எழுதினார், முதல்வருக்கு எழுதினார், பிரதமருக்கு எழுதினார். பெரும்பாலான கடிதங்களுக்குப் பதிலே இல்லை. அப்புறம் போட்டோ எடுத்து அனுப்பினார். 1993-இல் நாடாளுமன்றம் தடைச் சட்டம் போட்டது. அதற்கும் பிறகு, பேப்பரில் வந்து நாறிய பிறகுதான், மத்திய அரசின் தங்கச் சுரங்கக் கம்பெனி தன் டவுன்ஷிப்பில் எடுப்புக் கக்கூஸை மாற்றியது. சட்டம் போட்ட அரசும் அதுவே, சட்டத்தை மீறிய முதலாளியும் அதுவே. 2016-இல் வில்சனுக்கு மகசேசே விருது கிடைத்தபோது எங்கள் ஊரின் பேரைச் சொல்லிப் பெருமைப்படாத பிரமுகர் இல்லை. வாளி தூக்கியபோது எந்த ஊர் என்று கேட்க ஆளில்லை.

தங்கம் வெட்டிய தமிழன் மட்டும் யோக்கியனா என்று கேட்டால், இல்லை. சுரங்கத்தில் இறங்கியவர்களிலும் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்டவர்களே. வாளி தூக்கியவை பெரும்பாலும் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள். ஷிப்டு முடிந்து லைன் வீட்டுக்குத் திரும்பும்போது அவர்கள் எதிரே வந்தால் நாங்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினோம். யூனியன் கூட்டத்தில் உலகத் தொழிலாளர்களைக் கூப்பிட்டோம். பக்கத்து லைனைக் கூப்பிடவில்லை.

ஆகவே, பாக்கி வசூல் பற்றி ஒரு சிறு கணக்கு. 1901 கணக்கெடுப்பில் தங்கவயலின் மக்கள்தொகை 38,000. ஓர் ஆள் வருஷத்துக்கு 50 கிலோ கழிப்பதாகக் கஞ்சத்தனமாகப் போட்டாலும் 1,900 டன். 1901 முதல் 1993 வரை 92 வருஷத்துக்கு 1,74,800 டன். எல்லாரும் எடுப்புக் கக்கூஸுக்குப் போகவில்லை, பாதிப்பேர் புதர்ப்பக்கம்தான் ஒதுங்கினார்கள் என்று தங்கள் ஆடிட்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொல்வார். சரி, பாதியாக வெட்டுங்கள். 87,400 டன். பின்னால் ஜனத்தொகை பெருகியது, அதைச் சேர்க்கவில்லை. அது எங்கள் தள்ளுபடி. மொத்தத் தங்கமே 800 டன்தான். அதைப்போல நூறு மடங்குக்கு மேல் எடையுள்ள சரக்கைத் துடைப்பத்தாலும் தகரத்தாலும் அள்ளி, ஒழுகுகிற கூடையில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். மலம் செல்வம் என்கிற தங்கள் புதிய சித்தாந்தப்படி, இந்தச் செல்வத்துக்கு ராயல்டி எத்தனை? டன்னுக்கு என்ன விலை வைத்தாலும் சம்மதம். அல்லது அப்போது அது மலம், இப்போதுதான் செல்வம் என்றால், எந்தத் தேதியில் மாறியது என்று எழுத்தில் தெரிவிக்கவும். எங்களுக்குத் தெரிந்தவரை சரக்கு மாறவில்லை. தூக்கியவர்கள் கையிலிருந்து காண்டிராக்டர் கைக்குப் போனது மட்டும்தான் மாறியிருக்கிறது.

இதையெல்லாம் புதுமை என்று சொல்லி யாரும் தங்களை ஏமாற்றிவிட வேண்டாம். 1939-இல் தங்கள் ஊரிலேயே, இந்திய அறிவியல் கழகத்தில், ஆச்சார்யா என்கிற விஞ்ஞானி குப்பையையும் மலத்தையும் குழியில் அடுக்கடுக்காகப் போட்டு மூடி எருவாக்கும் வழியைச் செப்பம் செய்தார். உலகம் முழுவதும் பாடப்புத்தகத்தில் அதற்குப் ‘பெங்களூர் முறை’ என்றே பெயர். ஒரு அடுக்கு குப்பை, ஒரு அடுக்கு மலம், மேலே மண். இத்தனை அங்குலம், இத்தனை மாதம் என்று எல்லாம் துல்லியமாக இருக்கிறது. அந்த இரண்டாவது அடுக்கை யார் கொண்டுவந்து பரப்புவது என்பதற்குப் பாடப்புத்தகத்தில் படம் கிடையாது. மராட்டியத்தில் காந்தியவாதிகள் இந்த எருவைச் ‘சோன்கத்’ என்றார்கள், தங்க எரு. தங்கவயல்காரர்களுக்கு இது கேட்கவே எவ்வளவு இனிப்பாக இருக்கிறது, பாருங்கள். ஜப்பானில் எடோ நகரத்து வீட்டுக்காரர்கள் வாடகைக்காரனின் மலத்தை உழவனுக்கு விற்றார்கள். நன்றாகச் சாப்பிடுகிற பெரிய வீட்டுச் சரக்குக்கு விலை கூடுதல். அங்கே விலை சரக்குக்கு. இங்கே சாதி ஆளுக்கு. அமெரிக்காவில் மில்வாக்கி நகரம் 1926-இலிருந்து தன் சாக்கடைக் கசடை மூட்டை கட்டிப் புல்தரைக்கு விற்கிறது. மூட்டையில் பெயர்கூட உண்டு. மூட்டை தூக்குகிறவனுக்குச் சம்பளமும் உண்டு.

ஆகவே உரத்தின்மேல் எங்களுக்குப் பகையில்லை. மண்ணுக்கு அது நல்லது என்பதும், மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே கொடுக்காவிட்டால் மண் செத்துப்போகும் என்பதும் ஏர்பிடித்த எவனுக்கும் தெரியும். தங்கள் ஊரைச் சுற்றி வாழைத்தோட்டத்துக்கும் தென்னந்தோப்புக்கும் செப்டிக் டேங்க் லாரிக்காரர்கள் பச்சையாகவே இறக்கிவிட்டுப் போகிறார்கள். விவசாயி பள்ளம் வெட்டி வாங்கிக்கொள்கிறான். உர மூட்டை விற்கிற விலையில் அவன் வேறென்ன செய்வான்? அந்த லாரிக்குத் தேனுறிஞ்சி என்று இங்கிலீஷில் செல்லப்பெயர் வேறு.

ஆனால் பத்தியம் உண்டு. குவியல் 55 டிகிரிக்கு மேல் சூடேறி நாள்கணக்கில் நின்றால்தான் நாக்குப்பூச்சி முட்டை சாகும். இல்லையென்றால் மாதக்கணக்கில் மண்ணில் படுத்துக் கிடந்து, வெறுங்காலோடும் கழுவாத கீரையோடும் வீட்டுக்குள் வந்துவிடும். முட்டையாவது சாகிறது. தங்கள் சாக்கடையில் வீட்டுக் கழிவு மட்டுமா ஓடுகிறது? முலாம் பூசுகிற பட்டறை, சாயம், பேட்டரி, இன்னும் பேர் தெரியாத கம்பெனிகள் ராத்திரியில் திறந்துவிடுகிறதெல்லாம் ஓடுகிறது. சுத்திகரிப்பு ஆலையில் காட்மியமும் குரோமியமும் ஈயமும் மறைந்துபோவதில்லை. பெரும்பகுதி கசடில்தான் படியும். தண்ணீர் எவ்வளவு சுத்தமோ, கசடு அவ்வளவு அழுக்கு. அந்த அழுக்கைத்தான் உரமென்று மூட்டை கட்டுகிறார்கள். அமெரிக்காவில் மெய்ன் மாகாணம் 2022-இல் கசடை வயலில் போடுவதையே தடை செய்தது. சாகாத ரசாயனம் மண்ணில் ஏறி, புல்லில் ஏறி, பாலில் ஏறி, பால்பண்ணைக்காரர்கள் மாட்டையும் நிலத்தையும் இழந்த பிறகு. கோலாரும் பாலுக்குப் பேர்போன மாவட்டம் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான்.

ஆமதாபாத்தில் 2019 முதல் கசடுமேல் கோபால்ட்-60 கொண்டு காமா கதிர் பாய்ச்சுகிறார்கள், நாளொன்றுக்கு 100 டன் வரை. கிருமி செத்துவிடும்; கசடில் கதிரியக்கம் ஒட்டாது. விஞ்ஞானத்தில் குறை சொல்ல நாங்கள் ஆளில்லை. காமா கதிருக்கும் காட்மியத்தைக் கொல்லத் தெரியாது என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அணுக்கழிவைத் தனியாகவும் சாக்கடைக் கழிவைத் தனியாகவும் எதிர்த்து எங்கள் வேலைநாள் வீணாகிறது. இரண்டு இலாகாவும் சேர்ந்து ஒரே கடையடைப்பில் முடிகிறமாதிரி ஏற்பாடு செய்தால் புண்ணியமாகப் போகும்.

இனி, ஆட்கள் விஷயம்.

2018 ஜனவரியில் தங்கள் எச்.எஸ்.ஆர். லேஅவுட் பக்கம், சோமசுந்தரபாளையாவில், அபார்ட்மெண்ட் ஒன்றின் சுத்திகரிப்புத் தொட்டியில் இறங்கிய மூன்று பேர் பிணமாக வெளியே வந்தார்கள். நடந்தது அதே பள்ளத்தாக்கில். ஐந்து மாதம் கழித்து, அந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீரைத்தான் மாலை போட்டு, மதகு திறந்து எங்களுக்கு அனுப்பினீர்கள். 2011-இல் எங்கள் தங்கவயலிலும் மலக்குழியில் இறங்கிய மூன்று பேர் செத்தார்கள். 2010-இல் ஹாவேரி மாவட்டம் சவணூரில், குடியிருந்த இடத்தைவிட்டுக் காலிசெய்யச் சொன்னபோது, வேறு வழியில்லாமல் தொழிலாளர்கள் மலத்தைத் தங்கள் தலையில் ஊற்றிக்கொண்டு நடுரோட்டில் நின்றார்கள். அதைக்கூட ஒரு நாள் செய்தியாக்கி மடித்து வைத்துவிட்டோம். 2021-இல் நாடாளுமன்றத்தில் மந்திரி சொன்ன பதில்: கையால் மலம் அள்ளி யாரும் சாகவில்லை, சாக்கடையும் செப்டிக் டேங்கும் சுத்தம் செய்யும்போது செத்தவர்கள் 941. இதைவிடச் சுத்தமான சுத்திகரிப்பு வேறெங்கே உண்டு? ஒரு கட்டம்கூட வேண்டாம். 941 பிணங்களை ஒரு வாக்கியத்தில் போட்டால், மறுபக்கம் பூஜ்யமாக வெளியே வருகிறது.

செத்தால் பத்து லட்சம் என்றது உச்ச நீதிமன்றம், 2014-இல். 2023-இல் முப்பது லட்சமாக்கியது. கோர்ட்டைக் கும்பிடுகிறோம். ஆனால் தங்கள் அலுவலகங்களில் இந்தத் தொகையைச் செலவுக்கணக்கில் எழுதிவைத்துக்கொண்டு மெஷின் வாங்காமல் இருக்கிறார்களோ என்று எங்களுக்குப் பயமாக இருக்கிறது. மெஷினுக்கு டீசல் வேண்டும், டிரைவர் வேண்டும், ரிப்பேர் வேண்டும். எங்கள் பையனுக்குக் குவார்ட்டர் பாட்டிலும் முந்நூறு ரூபாயும் போதும்; இறங்கிவிடுவான். ரிப்பேரும் கிடையாது. கெட்டுப்போனால் அடுத்தவன்.

ஆகவே கசடை அனுப்புங்கள். மறுக்கவில்லை. ஆனால் அனுப்பும்முன் கம்பெனிச் சாக்கடையை வீட்டுச் சாக்கடையிலிருந்து பிரித்துவிட்டு அனுப்புங்கள். ஒவ்வொரு லோடிலும் ஈயம் எத்தனை, காட்மியம் எத்தனை, புழுமுட்டை எத்தனை என்று கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி ஏரிக்கரையில் பலகை வையுங்கள், வெப்சைட்டில் அல்ல. அதை வாருவதும் புரட்டுவதும் ஏற்றுவதும் இயந்திரமாக இருக்கட்டும். அந்த இயந்திரத்தை ஓட்டுகிற நிரந்தர வேலை, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., பென்ஷனோடு, எந்தக் குடும்பங்கள் கூடை தூக்கினவோ அந்தக் குடும்பங்களுக்கு முதலில் வரட்டும். அந்த வேலைக்கு மற்றச் சாதிப் பிள்ளைகளும் போட்டி போட்டுக்கொண்டு மனுப் போடுகிற அளவுக்குச் சம்பளம் இருக்கட்டும். விமான நிலையத்துக்குக் கொடுத்த மூன்றாம் கட்டத்தை ஏரிக்கும் கொடுங்கள். எங்கள் ஏரி நிரம்பி வழிந்தால் பாலாறு. பாலாற்றில் இறங்கினால் வாணியம்பாடி, ஆம்பூர். அவர்களுக்கு ஏற்கெனவே தோல் பதனிடும் ஆலைகள் போதுமான அளவு கொடுத்துவிட்டன.

87,400 டன்னுக்கு உண்டான ராயல்டி பாக்கியையும் தயவுசெய்து ஒரே தவணையில் தீர்க்கவும்.

இதற்கெல்லாம் ஒப்பந்தம் எழுதித் தங்கள் ஆட்கள் வருவார்கள் என்று தெரியும். மைத் தட்டை மட்டும் எடுத்துவர வேண்டாம். கைரேகை பதியச் சொன்னதற்காக 1930-இல் 21 நாள் சுரங்கத்தையே நிறுத்திய ஊர் இது. வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவோம்.

இப்படிக்கு,
ஸ்கெலட்டன் வாசிகள்,
கோலார் தங்கவயல்.